“இன்றைக்கு என்ன கறி?” என்ற கேள்வியை யாரிடம் ஒப்படைப்பது

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நாலு தரம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: “இன்றைக்கு என்ன கறி?” விடியற்காலையில் நான் என்னையே கேட்பேன். மத்தியானம் பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளைகள் மாமியைக் கேட்பார்கள். பின்னேரம் இவர் போனில் கேட்பார். இரவு விளக்கை அணைக்கும்போது நாளைக்கான கேள்வியாக அது திரும்பி வரும்.

எனக்குக் கிளிநொச்சியில் அலுவலக வேலை. எட்டரைக்கு விரல் பதிய வேண்டும், நாலே காலுக்கு வெளிக்கிடலாம். இவர் விசுவமடுவுக்கு அங்கால் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். பரந்தனில் பஸ் பிடிக்க ஆறு மணிக்கே வீட்டை விட்டு இறங்கிவிடுவார். இந்த ஓட்டத்தில் எங்கள் சாப்பாடு மெல்ல மெல்லப் பாணும் பருப்பும், பத்து மணிக்கு ஒரு ரோல்ஸ், களைத்த இரவுகளில் கொத்துரொட்டி என்று ஆகிவிட்டது. மாமிக்கு ஏற்கெனவே சலரோகம். போன வருடம் எனக்கும் இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் வீடு விழித்தது.

அதன் பிறகு ஒரு வருடத்துக்குள் பல வழிகளைப் பார்த்தோம். வாரச் சாப்பாட்டைத் திட்டமிட்டுத் தரும் செயலி, வட்ஸ்அப்பில் உணவுத் திட்டம் போட்டுத் தருபவர், மாதக் கணக்குக்குப் பார்சல், ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து வைப்பது, கடைசியாக ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய ஒரு தாள். எது நல்லது என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு சுமையை இறக்கி வைக்கிறது என்பதால் ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. சமைக்க நேரம் இல்லாதவருக்கு ஒன்று, சமைக்கத் தெரிந்தும் யோசிக்கத் தெம்பில்லாதவருக்கு வேறொன்று. நான் இரண்டாவது வகை என்று கண்டுபிடிக்கவே எனக்குப் பல மாதம் பிடித்தது.

செயலி யோசனை ரொறொன்ரோவில் இருக்கும் மச்சாளிடமிருந்து வந்தது. அவளுக்கு வாரா வாரம் அளந்து வைத்த சாமான்களோடு பெட்டி ஒன்று வாசலுக்கே வருகிறது. 2011 இல் பெர்லினில் தொடங்கிய ஹலோஃப்ரெஷ் போன்ற நிறுவனங்கள் பரப்பிய முறை அது. இஞ்சித் துண்டுகூட அளவாக இருக்குமாம். நமக்கு அந்தப் பெட்டி வராது. நமக்குக் கிடைப்பது போனில் இறக்கும் செயலி மட்டும்தான். வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு கலோரி, சைவமா அசைவமா என்று சொன்னால் ஏழு நாளுக்கும் பட்டியல் போட்டு, அதற்கான சந்தைச் சாமான்களையும் ஒரே தாளில் சேர்த்துத் தரும். நான் எடுத்ததற்கு மாதம் ஐந்து டாலர். டாலரை 300 ரூபாயாக வைத்தால் 1500 ரூபாய். இரண்டு தரம் வாங்கும் கொத்தின் காசு.

அதனால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். அளவு என்றால் என்னவென்று அதுதான் காட்டியது. வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கலோரி. என் மத்தியானச் சோற்றை ஒரு நாள் தராசில் வைத்தேன்: 430 கிராம். கறி, குழம்பு, அப்பளம் எதுவும் சேராமல் சோறு மட்டுமே 550 கலோரி கிட்ட. நானோ “கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன்” என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். ஒரு நாளைக்கு மரக்கறியும் பழமுமாக 400 கிராம் சேர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. என் தட்டில் இருந்தவை இரண்டு கரண்டி கத்தரிக்காயும், தேங்காய்ப்பூப் போட்டு வதக்கிய கீரை வரை ஒரு கிள்ளும். இதைப் பார்த்ததற்கே அந்த 1500 ரூபாய் தகும்.

ஆனால் சமையலுக்கு அது உதவவில்லை. புறொக்கோலி, சமன் மீன், கிரேக்கத் தயிர் என்று அடுக்கியது. முருங்கையிலை வரையைத் தேடினால் இல்லை. இடியப்பம் இருந்தது, அதுவும் யாரோ தன் மனம்போன அளவில் பதிந்தது. வெள்ளிக்கிழமை வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் ஏறாது என்பதை அதற்கு எங்கே சொல்வதென்றே தெரியவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் கோழியைக் கையால் அழித்தேன். கந்தசஷ்டி ஆறு நாளும் அதைத் திறக்கவே இல்லை.

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சிக்கல் திசையில் இருந்தது. அந்தச் செயலிகள் முதலில் கறியைத் தீர்மானிக்கும், பிறகு உங்களைச் சந்தைக்கு அனுப்பும். எந்த மாதத்திலும் எந்தச் சாமானும் கிடைக்கும் பெரிய கடை உள்ள ஊருக்கு அது சரி. வன்னியில் சந்தைதான் கறியைத் தீர்மானிக்கிறது. புதன்கிழமை கோழி என்று செயலி எழுதியிருக்கும். பின்னேரம் இவர் பஸ்ஸால் இறங்கும்போது கையில் முல்லைத்தீவுச் சூடை மீன் ஒரு கிலோ இருக்கும், மலிவாக வந்ததாம். விசுவமடுவில் தெரிந்தவர் தோட்டத்தில் பயற்றங்காய் முற்ற முன்னம் ஒரு பிடி கட்டிக் கொடுத்து விடுவார். மாரியில் கடல் கொந்தளித்தால் மீன் விலை ஏறும், அதே மாரியில் வேலியெல்லாம் முசுட்டையும் பொன்னாங்கண்ணியும் காசில்லாமல் தளைக்கும். சித்திரை வெயிலில் கீரை கருகி, கடையில் வாடிய கட்டு இரட்டை விலைக்கு நிற்கும். வைகாசி, ஆனியில் பாலைப்பழம் வந்தால் பிள்ளைகள் வேறு பழத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்த வரவு எதையும் அறியாத பட்டியலை நான் தினமும் திருத்தினேன். யோசனையைக் குறைக்க வாங்கிய சாமான் யோசனையைக் கூட்டியது. இரண்டாம் மாதத்தோடு நிறுத்திவிட்டேன்.

அடுத்தது, வட்ஸ்அப்பில் ஆளுக்கேற்ற உணவுத் திட்டம் அனுப்புபவர்கள். இதில் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. மாமிக்காக நான் காசு கட்டிய ஒருவர், மாமியின் மருந்துச் சிட்டையைக்கூடக் கேட்காமல் ஒரு மாதத் திட்டம் அனுப்பினார். காலையில் முளைகட்டிய பயறு, இரவில் சூப், நடுவில் புரதப் பொடி. இரவு மருந்தைப் போட்டுவிட்டு சூப்போடு படுத்த மாமிக்கு விடியப்புறம் வேர்த்து, கை நடுங்கியது. சீனி இறங்கிவிட்டது. ஒரு கரண்டி சர்க்கரை கரைத்துக் கொடுத்துத்தான் ஆளை எழுப்பினோம். அன்றைக்கே அந்தத் திட்டம் அடுப்புக்குள் போனது.

மருந்து எடுப்பவருக்கு உணவுத் திட்டம் என்பதும் மருந்து மாதிரித்தான். இன்னொன்றையும் எங்கள் பக்கத்து ஆட்கள் மறக்கக் கூடாது: வவுனியா, முல்லைத்தீவின் சில பகுதிகளில் காரணம் தெளிவாகப் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. சிறுநீரகம் பழுதுபட்டவருக்குப் புரதத்தை அள்ளிக் கொடுக்கும் திட்டமும், “கீரையும் வாழைப்பழமும் எவ்வளவும் சாப்பிடலாம்” என்ற பொது அறிவுரையும் தீங்காக முடியலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 35 வயது தாண்டியவர்களுக்குப் பிரஷர், சீனி, எடை எல்லாம் காசில்லாமல் பார்க்கும் சுகவாழ்வு நிலையங்கள் உண்டு. முதலில் அங்கே போங்கள். பிறகு வைத்தியர் சொல்லும் தகுதியான உணவு ஆலோசகரிடம் ஒன்று, இரண்டு தரம் போனால் போதும். மாதா மாதம் சந்தா கட்ட வேண்டியதில்லை. உங்கள் சிறுநீரகமும் சீனியும் மாதா மாதம் புது மெனு கேட்பதில்லை.

இனி, பார்சல். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் இதில்தான் உயிர் வாழ்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கி வேலை செய்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. எங்களுக்குச் சமைத்துத் தரும் அக்கா இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறா. மரக்கறிப் பார்சல் 250 ரூபாய், மீன் என்றால் 350. மாதத்தில் 22 வேலை நாளும் எடுத்தால் மரக்கறிக்கே 5500 ரூபாய். கடைப் பார்சலைவிட நல்லது. ஒரு நாள் பாவித்த எண்ணெய் மறுநாள் கிடையாது, மிளகாய்த்தூள் வீட்டில் இடித்தது, பழைய குழம்பு கிடையாது. யோசிப்பதும் சமைப்பதும் இரண்டுமே என் தலையிலிருந்து இறங்கும் ஒரே வழி இதுதான்.

ஆனால் ஆரோக்கியம் என்று வந்தால் பார்சலோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். முதல் சண்டை சோற்றோடு. நான் கேட்டேன்: “அக்கா, எனக்குச் சோத்தைப் பாதியாக்கி மரக்கறியைக் கூட்டித் தாங்கோ, காசு அதேதான்.” அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. “சோத்தைக் குறைச்சுக் கட்டினால் பாக்கிற ஆக்கள் என்ன சொல்லுவினம்? காசை வாங்கிப்போட்டு வயிறு காயவிட்டனான் எண்டல்லோ கதை வரும்?” வன்னியில் இலை நிறையச் சோறு போடுவது மரியாதை. நெல் விளையும் மண்ணில் சோற்றைக் குறைப்பது யாருக்கும் கை வராது. இரண்டு கிழமை பேசிய பிறகு ஒரு வழி வந்தது: என் பார்சலைக் கட்டாமல், நான் கொடுக்கும் மூன்றடுக்குக் கரியரில் போடுவது. சின்ன அடுக்கில் சோறு, பெரிய அடுக்கில் கீரையும் மரக்கறியும், மற்றதில் பருப்போ மீனோ முட்டையோ. பாத்திரத்தின் அளவே பேச்சை முடித்துவிட்டது. தட்டில் பாதி மரக்கறி, கால் சோறு, கால் புரதம் என்று சொல்லும் கணக்குக்கு இது கிட்டத்தட்ட வந்துவிடும்.

கரியருக்கு இன்னொரு நன்மை. சோறு கட்டும் பொலித்தீன் லஞ்ச் சீற்றை 2017 இலேயே தடை செய்தார்கள். கொதிக்கும் சோறு இன்னும் ஏதோ ஒரு பளபளப்பான தாளில்தான் பல இடங்களில் வருகிறது. வாழையிலை வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், நம் ஊரில் வாழைக்கு என்ன குறை. ஆனால் கேட்க வேண்டும்.

நேரம்தான் பார்சலின் பெரிய பலவீனம். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அடிப்படை விதி. அக்கா ஒன்பதரைக்குச் சமையலை முடிக்கிறா, பதினொன்றே காலுக்குத் தம்பி சைக்கிளில் கொண்டுவந்து வைக்கிறான், நாங்கள் பன்னிரண்டரைக்குச் சாப்பிடுகிறோம். ஆக மூன்று மணித்தியாலம், அதுவும் ஓட்டு வெக்கையில். பால்கறியும் சொதியும்தான் முதலில் புளிக்கும். அதனால் பங்குனி முதல் ஆவணி வரை எனக்குப் பால் விட்ட கறி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்: வரை, புளி விட்ட குழம்பு, பருப்பு, பொரிக்காமல் அவித்த முட்டை. ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளத்தையும் நிறுத்தினேன். ஒரு நாள் உப்பு ஐந்து கிராமுக்குள் என்றால் அந்த மூன்றுமே பெரும் பங்கைத் தின்றுவிடும். மோர்மிளகாய்தான் கொஞ்சம் வலித்தது.

பார்சல் இல்லாத நாளுக்கு அம்மாச்சி உணவகம் நல்ல துணை. வடக்கு மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் குழுவாக நடத்துவது. கண் முன்னே சுட்டுத் தருவார்கள், விலையும் மட்டு. குரக்கன் ரொட்டி, இலைக்கஞ்சி, அவித்த கடலை என்று எடுத்தால் சரியான சாப்பாடு. வடையும் போண்டாவும் மட்டும் எடுத்து “அம்மாச்சியில்தானே சாப்பிட்டேன்” என்று மனதைத் தேற்றுபவர்களில் நானும் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து ஃபிரிட்ஜில் அடுக்கும் முறையை இணையத்தில் பார்த்து இரண்டு மாதம் செய்தேன். ஏழு பெட்டி, ஏழு நாள். மூன்றாம் நாள் பெட்டியைப் பிள்ளைகள் தொடவில்லை. தேங்காய்ப்பால் கறி சூடாக்கச் சூடாக்கத் திரைந்து எண்ணெயாகப் பிரியும். கரண்ட் வெட்டும் ஒரு சிக்கல். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அந்த நினைவு இன்னும் எந்த வீட்டிலும் போகவில்லை. இப்போதும் மாரிக் காற்றுக்கு ஒரு மரம் கம்பியில் விழுந்தால் போதும். ஆனால் அந்த முறையில் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டேன்: கறியைச் சமைத்து வைக்காமல், கறிக்கான வேலையைச் செய்து வைப்பது. கடலை, கௌபி, பயறு ஆகியவற்றை ஊறவைத்து அவித்துப் பிரித்து உறைய வைக்கலாம். உள்ளி, சின்ன வெங்காயம் உரித்து வைக்கலாம். கீரையைக் கழுவாமல் துணியில் சுற்றி வைக்கலாம். தேங்காயைத் துருவி உறைய வைத்தால் வரைக்கு உதவும். குரக்கன் மாவையும் சிவப்பரிசி மாவையும் வறுத்து வைத்தால் இரவுப் புட்டு அரை மணித்தியால வேலை. பால் பிழிந்து விடுவது மட்டும் அடுப்படியில் நிற்கும் அந்த நேரத்தில். இப்படிச் செய்தால் ஞாயிறு இரண்டு மணித்தியாலம் போகும். கிழமை நாட்களில் காலைக்கு நாற்பது நிமிடம் மிஞ்சும்.

கடைசியாக, ஃபிரிட்ஜ் தாள். இதற்குச் செலவு ஒரு கொப்பித் தாளும் ஒரு பென்சிலும். செயலியின் திசையைத் திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான். தாளில் கறியின் பெயர் கிடையாது, வகைதான் உண்டு. திங்கள் பயறு வகை: கடலையோ கௌபியோ. செவ்வாய் முட்டை. புதன் மீன்: கடலா குளமா என்பது அன்றைய வரவு. வெள்ளி பருப்பும் தயிரும். ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் இரண்டு வெற்றுக் கட்டம்: ஒன்று இலை, மற்றது காய். அந்தக் கட்டங்களைச் சந்தையும் வேலியும் நிரப்பும். இரணைமடுக் குளத்து மீன் வந்தால் அது, சூடை வந்தால் அது. இலைக் கட்டத்தில் முருங்கையோ அகத்தியோ வல்லாரையோ, கையில் அகப்பட்டது. இரவுச் சோற்றுக்குப் பதில் புட்டு, குரக்கன் ரொட்டி, பயற்றங்கஞ்சி மூன்றும் மாறி மாறி. மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் மத்தியானச் சோறு அதில். கிடைக்காவிட்டால் எந்தச் சிவப்பரிசியும் சரி.

எதிர்பாராத ஒன்று நடந்தது. தாள் வந்த பிறகு அந்தக் கேள்வி என்னிடம் வருவது குறைந்துவிட்டது. இவர் சந்தையில் நின்று போன் எடுத்தால் “என்ன வாங்க?” என்று கேட்பதில்லை, “இலைக் கட்டம் வெறுமையா?” என்று கேட்கிறார். மூத்தவள் கட்டத்தை நிரப்பிவிட்டுக் கையெழுத்தும் வைக்கிறாள். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிழை பிடிக்கிறா. பெண்தான் யோசிக்க வேண்டும் என்ற வேலையை எந்தச் சந்தாவும் பங்கு பிரிக்கவில்லை. செயலி என் போனில் இருந்தது, தாள் எல்லோர் கண்ணிலும் இருக்கிறது.

தாளுக்கும் குறை உண்டு. யாராவது ஒருவர் சமைக்க வேண்டும். அளவைக் கற்றுத் தராது. தனியாக அறையில் இருக்கும் தம்பிக்கோ தங்கைச்சிக்கோ இது உதவாது. அவர்களுக்குக் கரியரோடு பார்சலும், அறையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வறுத்த கச்சானும், இரவுக்கு அவித்த கடலையும்தான் சொல்வேன். அளவு தெரியாதவர்கள் செயலியை ஒரு மாதம் எடுத்து, தராசும் கையுமாக நின்று பழகிவிட்டு அழித்துவிடலாம். பெரும்பாலான செயலிகளில் காசில்லாத பகுதியே அதற்குப் போதும், என்னைப் போல் டாலர் கட்ட வேண்டாம். வருத்தம் உள்ளவர் வீட்டில் இருந்தால் ஆஸ்பத்திரிச் சிட்டைக்குப் பிறகுதான் இவை எல்லாம்.

நாங்கள் இப்போது செவ்வாயும் வியாழனும் அக்காவின் கரியர், மற்ற மூன்று நாள் தாளின்படி வீட்டுச் சாப்பாடு என்று ஓட்டுகிறோம். மாதப் பார்சல் செலவு 2500க்குள் நிற்கிறது. எனக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது; நடக்கவும் தொடங்கியதால் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். ஐப்பசியில் அக்கா வயல் விதைப்புக்கு இறங்கிவிடுவா, இரண்டு கிழமை கரியர் வராது. அந்தக் கிழமைகளின் வியாழன் கட்டத்தில் மூத்தவள் இப்போதே “கௌபி” என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்திருக்கிறாள்.